அலெக் கேட்ட கத்தி

“எனக்கு ஒரு டேர்க் செய்து தாறியே, பிள்ளை?”

வைத்தியசாலையிலிருந்து திரும்பி வரும் வழியில், காருக்குள் வைத்துத்தான் அலெக் இதைக் கேட்டார். மார்ச் மாதம். யேர்மனியின் ஹம் நகரத்து வீதியோரங்களில் அழுக்குப் படிந்த பனி இன்னும் கிடந்தது. வைத்தியர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். இலையுதிர்காலம் வரை, அதற்குமேல் கடவுள் விட்ட வழி.

டேர்க் என்றால் என்னவென்று தேனுஜாவுக்குத் தெரியும். அவருடைய ஊரான ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள், கட்டம்போட்ட கில்ட் பாவாடை உடுத்தி, இடுப்பில் தொங்கவிடும் நீளக் குத்துக்கத்தி. தகப்பனுடைய டேர்க், அலெக் பட்டாளத்தில் இருந்த காலத்தில் எங்கோ தொலைந்துபோனது. அந்தக் கதையைச் சின்ன வயதிலேயே பலமுறை கேட்டிருக்கிறாள்.

“கடையிலை வாங்கலாம்தானே, அலெக்.”

“கடையிலை வாங்கினதைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குள்ளை படுத்தால் என்ரை அப்பர் மேலை நிண்டு சிரிப்பார். வெள்ளி வேண்டாம், கல்லு வேண்டாம். சும்மா ஒரு ஏழைச் சனத்தின்ரை டேர்க். நீ ஊருக்கெல்லாம் பல்லுச் செய்யிறனி. எனக்கொரு கத்தி செய்ய ஏலாதே?”

தேனுஜா பல் தொழில்நுட்பவியலாளர். மெழுகில் பல் செதுக்குவதும் உலோகத்தை மினுக்குவதும் அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“பெட்டி எண்டு லேசாச் சொல்லிப்போட்டீங்கள். எங்கை வைக்கிறது உங்களை?”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அலெக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

“அதைக் கொம்மா சொல்லவேணும். முப்பது வருசத்துக்கு முன்னம் அவவை ஒருக்காக் கேட்டனான், கட்டுவமோ எண்டு. ஏலாது எண்டவ. அதிலை எனக்குக் கோவமில்லை. ஆனால் ரெண்டாம்தரம் கேக்கமாட்டன். இந்தமுறை அவ கேக்கட்டும். இஞ்சை இரு எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் இருப்பன். இல்லாட்டி என்ரை தம்பி இயன் வந்து ஊருக்குக் கொண்டுபோய் எங்கடை அம்மாவுக்குப் பக்கத்திலை வைப்பான்.”

“நான் அம்மாட்டைச் சொல்லட்டே?”

“நீ சொன்னால் அது நீ கேட்டமாதிரி. வாய் திறக்கமாட்டன் எண்டு சொல்லு.”

விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவள் சொன்னாள்.

*

ஒக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு, தேனுஜா சமையலறையில் கேக் சுடும் அவணின் திருகில் கை வைத்தபடி நின்றாள். மறு கையில், பழைய துவாயில் சுற்றியபடி, அந்த டேர்க்கின் அலகு இருந்தது. அலெக்கின் உடலை மலர்ச்சாலைக்காரர்கள் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பழைய பட்டாள ஜீப் ஒன்றின் வில்லுத்தகட்டிலிருந்து வெட்டியெடுத்த இரும்பு அது. ஏப்ரலில் அதன் வளைவை அடித்து நிமிர்த்தினாள். மேயிலும் ஜூனிலும் அரத்தால் இராவினாள். ஒரு பக்கம் மட்டும் கூர், அடியில் அகலம், நுனிவரை நேராக ஒடுங்கிப் போகவேண்டும். அலெக் தோட்டத்துக் கதிரையில் போர்வையோடு இருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “வயிறு வைச்சிருக்குது” என்பார். இன்னும் இரண்டு நாள் இராவுவாள். “இப்ப முதுகு வளைஞ்சிருக்குது” என்பார்.

அன்று காலையில்தான் அலகைத் தோய்த்தாள். பழைய இறைச்சி வாட்டும் அடுப்பில் கரியை நிரப்பி, தலைமயிர் உலர்த்தியால் காற்றடித்து, காந்தம் ஒட்டாத அளவுக்கு இரும்பு சிவந்ததும் சூடான எண்ணெய்க்குள் இறக்கினாள். அலெக்கின் கட்டிலை யன்னலோரம் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அலகைத் துடைத்து உள்ளே கொண்டு வந்தபோது, அரத்தைத் தரச் சொல்லி, தானே ஒருமுறை கூரின் மேல் இழுத்தார். அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல சத்தம் என்று அவர் முகம் சொன்னது.

“இப்ப இது கண்ணாடி. விழுத்திப்போடாதை. இண்டைக்கே சூடு காட்டு.”

பிறகு நித்திரையானார். பன்னிரண்டரைக்கு, தேனுஜா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கையில், அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. கூப்பிட்டது தேனுஜாவை அல்ல. “அலெக்... அலெக்” என்று இரண்டு தடவை, கதவைத் தட்டுகிற மாதிரி.

தோய்த்த இரும்பை அன்றைக்கே இருநூறு பாகைச் சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்துத் தணிக்காவிட்டால் அது தன்பாட்டில் வெடித்துப்போகலாம். அதனால்தான் அழுத கண்ணோடு அவள் அவணுக்கு முன்னால் நின்றாள்.

“அதை மூட்டாதை.”

அம்மா வாசலில் நின்றாள். நாகலட்சுமி சிறிய உருவம். அறுபத்தாறு வயது. நெற்றியில் எப்போதும்போலக் குங்குமம்.

“மணக்காது அம்மா. எண்ணெய் முழுக்கத் துடைச்சிட்டன்.”

“மணத்துக்கில்லை. அவரை எடுத்து முடியுமட்டும் இந்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது.”

அவ்வளவுதான். அம்மா திரும்பிப் போய்விட்டாள். தேனுஜா திருகிலிருந்து கையை எடுத்தாள். இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். யேர்மனியில் அடக்கத்துக்குத் தவணை கிடைக்கவே பத்து நாள் ஆகிறதே, அதுவரை என்ன செய்வது என்று தமிழ்ச் சனங்கள் படுகிற பாட்டையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அது உரித்துள்ளவர்கள் காக்கிற முறை. அம்மா அலெக்குக்கு அதைக் காப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அம்மாவே நினைத்திருப்பாளோ என்னவோ.

துவாய்ச் சுற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் யேர்மன் பெண்மணி ஃபிறவ் காம்ப்மன் கதவைத் திறந்தார். கை முழுக்க மா. தட்டில் பிளம்ஸ் கேக் அவணுக்குப் போகத் தயாராக இருந்தது. உங்கள் அவணை இரண்டு மணித்தியாலம் தர முடியுமா என்று தேனுஜா கேட்டாள். என்ன சுடப்போகிறாய் என்று அவர் கேட்டார். கத்தி என்றாள். அந்த மனுசி அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் கேக் தட்டை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். நேராக வைக்க நீளம் காணாமல், அலகை மூலைக்கு மூலையாகக் கிடத்த வேண்டியிருந்தது.

இருவரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார்கள். காம்ப்மன் அம்மாதான் முதலில் சிரித்தார். ஒருநாள் படிக்கட்டில் அலெக் சுத்தியலைக் காலில் போட்டுவிட்டு “என்ரை அம்மாளாச்சி” என்று கத்தினாராம். அம்மனைக் கூப்பிட்டதை ஸ்கொட்லாந்துக் கெட்டவார்த்தை என்று இவர் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம்.

தேனுஜாவும் சிரித்தாள். அலெக்கின் தமிழ் முழுக்க அம்மாவிடமிருந்தும் பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் மடப்பள்ளி வேலை பார்க்கும் பெண்களிடமிருந்தும் பொறுக்கியது. ஆறடி மனிதன் பெண்களைப்போலக் கன்னத்தில் கை வைத்து, “எடியே, உனக்கு விசயம் தெரியுமே” என்று தொடங்குவார். கோயில் திருவிழாவில் வருடாவருடம் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு கார்களை ஒழுங்குபடுத்துவார். கோயிலுக்குள் மட்டும் வரமாட்டார். ஏனென்று கேட்டால், “கொம்மாவுக்கு அங்கை தனியக் கதைக்க ஆக்கள் இருக்கினம்” என்பார்.

அங்கே அம்மா யாரோடு கதைக்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சாமித்தட்டில், மாலை போடாத ஒரு படம் இருந்தது. தேனுஜாவின் அப்பா புவனேந்திரன். அவளுக்கு மூன்று வயதாக இருக்கையில், யாழ்ப்பாணத்தில் ஒருநாள் பஸ்ஸில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அம்மா குழந்தையோடு யேர்மனிக்கு வந்தாள். பிரித்தானியப் பட்டாள முகாம் ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவினாள். அங்கே வாகனம் திருத்துகிற அலெக், முகாம் மூடப்பட்டபோது மற்றவர்களோடு ஊர் திரும்பாமல் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று கேட்பவர்களுக்கு, யேர்மன் பாண் சாப்பிட நல்லது என்று சொல்வார்.

அம்மா அதிகாலை ஐந்து மணிக்கே துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். தேனுஜாவுக்குத் தலை பின்னிவிட்டது அலெக்தான். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, பட்டாளத்தில் கயிறு முறுக்கிய கையால் இழுத்து இழுத்துப் பின்னுவார். பின்னேரம் வீடு வரும்வரை ஒரு மயிர் கலையாது. கண்கள் மட்டும் நாள் முழுக்க இழுபட்டபடி இருக்கும். அவரை அவள் ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் பின்னிக்கொண்டேயிருந்தார்.

அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. காம்ப்மன் அம்மா அடுப்புக் கையுறையை நீட்டியபடி, அவரை இங்கேதானே அடக்கம் செய்வீர்கள் என்று கேட்டார். தனக்குத் தெரியாது என்றாள் தேனுஜா. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் இருப்பது, தெரியாமல் இருப்பதைவிடக் கனமாக இருந்தது.

*

புதன்கிழமை அன்னப்பிள்ளை அக்கா இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். கோயில் பழக்கம். நல்ல மனுசி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அலெக் தன் காரை எத்தனை தடவை தள்ளி ஸ்ராட் ஆக்கிவிட்டார் என்று சொல்லி அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அன்போடுதான் சொன்னார்.

“உனக்கு இதிலை செத்தவீட்டுத் துடக்கொண்டும் இல்லைத்தானே, நாகலட்சுமி. முறைப்படி கட்டினதோ, இல்லையே. வெள்ளிக்கிழமை வழமைமாதிரிக் கோயிலுக்கு வா. வந்தால் உனக்கும் மனம் ஆறும்.”

அம்மா ஓம் என்று தலையாட்டினாள். அன்னப்பிள்ளை அக்கா போனபிறகு இடியப்பத்தைத் தட்டில் எடுத்து, சொதியைச் சூடாக்காமல், குளிராகவே ஊற்றிச் சாப்பிட்டாள். தேனுஜா எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம் என்று பட்டது. இப்போது கேட்டால் என்ன அம்மா, அவர் காத்துக்கொண்டு இருந்தவர் அம்மா என்று சொற்கள் தொண்டைவரை வந்தன. சிவப்பு விளக்கில் கொடுத்த வாக்கும் கூடவே வந்தது. தண்ணீர் குடித்து இரண்டையும் விழுங்கினாள்.

சட்டப்படி அம்மா அலெக்குக்கு ஒருவருமில்லை. மலர்ச்சாலைக்காரர் தொலைபேசியில் அதை மரியாதையாகச் சொல்லியிருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே சகோதரன்தான் முடிவெடுக்க வேண்டும். அலெக் எழுதி வைத்த தாளில் உடுப்பு இருந்தது, டேர்க் இருந்தது, எரிக்கவேண்டாம் புதைக்கவேண்டும் என்று இருந்தது. எந்த ஊரில் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை தேனுஜா நிலக்கீழறையில் பிடியை முடித்தாள். தோட்டத்து வேலியில் நின்ற புக்ஸ் மரம் போன வருடம் புழு தின்று பட்டுப்போனது. அதன் அடிவேரை அலெக் கிண்டி எடுத்துக் காய வைத்திருந்தார். மஞ்சள் நிறம், கொம்பு மாதிரி இறுக்கம். பழைய டேர்க்குகளின் பிடியில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தோடும் பின்னல் வேலை செதுக்கியிருப்பார்கள். தேனுஜாவுக்கு வேறெந்தப் பின்னல் தெரியும்? மூன்று இழைப் பின்னலைத்தான் பென்சிலால் வரைந்தாள். அதைத்தான் பல் செதுக்கும் சின்னக் கத்திகளால் மூன்று மாதமாகச் செதுக்கினாள். பிடியைச் சுற்றிவந்து சேரும் இடத்தில் ஒரு இழை மிஞ்சிப்போனது. கணக்குப் பிழை. அதைப் பார்த்து அலெக், “தலை பின்னேக்கையும் எனக்கு ஒரு பிடி மயிர் மிஞ்சிறதுதான்” என்று சொல்லி, செருகிவிடச் சொன்னார். மற்ற இழைக்கு அடியில் செருகிவிட்டது மாதிரியே அதைச் செதுக்கி முடித்தாள்.

அலகின் வாலைப் பிடியின் துளைக்குள் இறக்கி, மேலே பித்தளை மூடியை வைத்து, வெளியே நீட்டிய நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பூப்போல விரித்தாள். சத்தத்துக்கு அம்மா கீழே வந்தாள். கையில் கில்ட்டும் உடுப்புத் தூரிகையும். காலையிலிருந்து அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

பிடியை வாங்கிப் பார்த்தாள். பின்னலின் மேல் பெருவிரலை ஓட்டினாள்.

“இப்பிடித்தான். இறுக்கிப்போடுவார்.”

“ஓம் அம்மா.”

“நான் வேலையாலை வந்து அவிட்டுவிடுவன். நீ அழுவாய், அவிழ்க்கவேண்டாம் எண்டு.”

அது தேனுஜாவுக்கு நினைவில் இல்லை. சுத்தியலைக் கீழே வைத்தாள். நிலக்கீழறையின் சின்ன யன்னலால் மத்தியான வெளிச்சம் வந்து இரும்புத்தூளின் மேல் விழுந்து கிடந்தது. அம்மா கேட்கப்போகிறாள் என்று நினைத்தாள்.

“அங்கை அவரின்ரை அம்மாவுக்குப் பக்கத்திலை இடம் இருக்காமோ?”

“இருக்காம். இயன் சொன்னவர்.”

“நல்லது,” என்றாள் அம்மா. தாயோடு இருப்பது நல்லதுதான் என்று இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு கில்ட்டில் இல்லாத ஒரு தூசியைத் தட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்கு அவளும் தேனுஜாவும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த இயனும் மலர்ச்சாலையின் வரவேற்பறையில் இருந்தார்கள்.

இயன், அலெக்கைவிடப் பதினொரு வயது இளையவர். அதே மூக்கு, அதே காது. படகோட்டி. இத்தனை வருடத்தில் இரண்டே தடவை யேர்மனிக்கு வந்திருக்கிறார். அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் விடவில்லை. தேனுஜா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அண்ணனை இத்தனை காலம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றார். அம்மா ஓம் ஓம் என்றாள். செவ்வாய்க்கிழமை விமானம், புதன்கிழமை அடக்கம், குளிரென்றாலும் கடல் தெரிகிற நல்ல இடம் என்றார். அம்மா அதற்கும் ஓம் என்றாள்.

மலர்ச்சாலைக்காரர் உடுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பதிந்தார். சட்டை, கில்ட், காலுறை. டேர்க் என்று வந்ததும் பேனையை நிறுத்தினார். இங்கே மண்ணில் வைப்பதென்றால் பிரச்சினையில்லை, விமானத்தில் போகிற பெட்டிக்குள் ஆயுதம் வைப்பதென்றால் விசாரித்துத்தான் சொல்லவேண்டும் என்றார். இயன் கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் அதைத் தன்னிடம் தரட்டும், தன் சூட்கேசில் கொண்டுபோய், குழிக்குள் இறக்குகிற நேரம் பெட்டியின் மேல் வைக்கிறேன் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

டேர்க் அம்மாவின் மடியில் இருந்தது. தேனுஜா தைத்த தோலுறைக்குள், புதுத் துவாயால் சுற்றியபடி. அம்மா துவாயை விரித்தாள். எழுந்தாள். நீட்டிய கையில் கொடுக்காமல், அதற்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

இயனின் கை அந்தரத்தில் நின்றது. முகம் சிவந்தது. தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார் போலும், கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தேனுஜா அவசரமாக விளக்கினாள். எங்கள் ஆட்கள் கத்தியைக் கையில் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள், கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுக்கவேண்டும், அதுதான் முறை என்றாள். இயனுக்கு மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டு எடுக்கப்போனார்.

அம்மாவின் உள்ளங்கை இன்னும் பிடியின் மேலேயே இருந்தது.

“அம்மா, கையை எடுங்கோ. நான் விளங்கப்படுத்திட்டன்.”

“அதுக்கில்லை,” என்றாள் அம்மா.

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மலர்ச்சாலைக்காரர் பேனையை மூடினார். அம்மா அந்த அறைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக இயனின் கண்ணைப் பார்த்தாள். தமிழ் தெரியாத மனிதன் என்பதை அவள் மறந்திருக்கவில்லை. ஆனாலும் மகள் பக்கம் திரும்பாமல், அவருக்கே சொன்னாள்.

“என்ரை மனுசனைக் கொண்டுபோகாதேங்கோ, தம்பி. அவர் இஞ்சை, என்னோடை இருக்கட்டும்.”